லினக்ஸ் டிரைவரில் டைமர் வைக்கிறீர்களா? பூட்டைக் கவனியுங்கள்

லினக்ஸ் கெர்னலில் சாதாரண டைமரின் கால்பேக் (நேரம் வந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்), சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில், அதாவது பெரும்பாலும் ஒரு ஹார்ட்வேர் இன்டரப்ட் முடிந்த கையோடு, ஓடும். அதே தரவை சிஸ்டம் கால் வழியாகவும் தொட்டால், அங்கே வெறும் ஸ்பின்_லாக் (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) போதாது; பூட்டோடு அந்த சிபியூவில் சாஃப்ட்ஐஆர்க்யூவையும் தடுக்கும் ஸ்பின்_லாக்_பிஹெச் போடுங்கள். இல்லாவிட்டால், பூட்டைப் பிடித்திருக்கும் அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து, அது முடியும்போது டைமர் ஓடி, அதே பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே நிற்கும். பூட்டை விடவேண்டிய நிரல் அப்புறம் ஓடவே ஓடாது.

டைமரை நிறுத்தும்போது இன்னும் கவனம் தேவை. டைமர்_டெலீட்_சிங்க், ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கும். கால்பேக் கேட்கும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை அழைக்காதீர்கள்; நீங்கள் கால்பேக்குக்காகவும் கால்பேக் உங்கள் பூட்டுக்காகவும் காத்திருந்து, இரண்டும் உறைந்துவிடும். சோதனையில் இது எளிதில் சிக்காது என்பதுதான் கொடுமை. ப்ரூவ்_லாக்கிங் தேர்வோடு கெர்னலை பில்ட் செய்து ஓட்டுங்கள். உண்மையில் உறையும் முன்பே, கெர்னலின் பூட்டுச் சரிபார்ப்புக் கருவியான லாக்டெப் எச்சரித்துவிடும்.