கர்த்தருக்குக் காத்திருப்பது எப்படி: நெருக்கடிக் காலத்துக்கான சில நடைமுறைகள்

விசா முடிவு, காணி வழக்கின் அடுத்த தவணை, தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் எடுத்த பயொப்சி (சதையை எடுத்துப் பார்க்கிற பரிசோதனை) றிப்போட், காணாமலாக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு தகவல். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்காத வீடு குறைவு. "திடமனதாயிருந்து, கர்த்தருக்கே காத்திரு" என்று 27ஆம் சங்கீதம் முடிகிறது. காலையில் எழும்பி அதை எப்படிச் செய்வது என்பதுதான் சிக்கல்.

முதலில் ஒரு 80 பக்கக் கொப்பி எடுத்து, பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்கள் கையில் இருப்பவை: கிளினிக் திகதி, மருந்து, கூடப் போகிற ஆள், கொடுக்க வேண்டிய படிவம். வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவை: றிப்போட்டில் என்ன வரும், நீதவான் என்ன சொல்வார். பலர் இதை மாற்றிப் போட்டுக் குழம்புகிறார்கள். செய்ய வேண்டிய வேலையை ஜெபக்குறிப்பாக்கிவிட்டு, செய்ய முடியாததை நித்திரை முழித்து யோசிக்கிறார்கள். யாக்கோபு 5:7 பொறுமைக்குக் காட்டுகிற ஆள் ஒரு பயிர்ச்செய்கைக்காரன். மழையை வரவைக்க அவனால் ஏலாது. அதற்காக அவன் சும்மா இருப்பதுமில்லை. புரட்டாசியில் காலபோகத்துக்கு (மாரி மழையை நம்பிய நெற்செய்கைக்கு) விதைத்துவிட்டு வானம் பார்க்கிற நம் ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள்: உழவு, வரம்பு, களை எல்லாம் மனுசன் பாடு. இடப்பக்க வேலையில் ஒன்றையாவது அன்றன்றைக்கே முடியுங்கள். வலப்பக்கத்தை ஜெபத்துக்கு வையுங்கள்.

அந்த ஜெபத்துக்கு 13ஆம் சங்கீதத்தை அச்சாக எடுக்கலாம். மொத்தம் ஆறு வசனம்தான். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தரம் வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கையும் பாட்டும். இதே ஒழுங்கில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். முறைப்பாடு நாலு வரி, கேட்பது இரண்டு வரி, நம்பிக்கை இரண்டு வரி. கால் மணித்தியாலம் போதும். கடவுளிடம் முறையிட்டால் விசுவாசக் குறைவு என்று நினைத்து முதல் பகுதியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விட்டால் மிச்சம் வாயளவில் நின்றுவிடும். நம்பிக்கை வரி வராத நாளில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அது கடைசி வரி வரையும் வெளிச்சம் காட்டாது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

பதில் "இல்லை" என்றும் வரலாம். தன்னை வாட்டிய ஒரு வேதனையை "முள்" என்று சொன்ன பவுல், அது நீங்கவேண்டுமென்று மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற சொல்தான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12).

காத்திருப்பு பெரும்பாலும் கெட்டுப்போவது அவசரத்தில். தீர்க்கதரிசி சாமுவேல் வந்து பலியிடும்வரை காத்திருக்க வேண்டியவன் சவுல் ராஜா. ஏழு நாள் பார்த்தான், சாமுவேல் வரவில்லை, சனம் கலையத் தொடங்கியது, தானே பலியிட்டான். முடித்த கையோடு சாமுவேல் வந்து நின்றார். சந்ததி பெருகும் என்ற வாக்கை நம்பி ஆபிரகாம் புறப்பட்டது 75 வயதில், ஈசாக்கு பிறந்தது 100 வயதில். இடையில் 86 வயதில், மனைவியின் அடிமைப்பெண் ஆகார் வழியாகப் பிள்ளை தேடிய குறுக்குவழி வீட்டையே இரண்டாக்கியது. ஆகவே காணி விற்பது, வட்டிக்குக் காசெடுப்பது, வெளிநாட்டு ஏஜென்சிக்கு முற்பணம் கட்டுவது போன்ற முடிவுகளை அழுதுகொண்டிருக்கும் நாளில் எடுக்காதீர்கள். ஒரு கிழமை தள்ளி, அதில் ஆதாயமில்லாத இரண்டு பேரிடம் கதையுங்கள்.

திகதி சொல்லும் தீர்க்கதரிசனங்களிலும் கவனம் வேண்டும். யூதர்மேல் இருந்த பாபிலோன் ராஜாவின் நுகம் இரண்டு வருடத்தில் முறியும் என்றான் அனனியா என்ற தீர்க்கதரிசி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா 70 வருடம் என்று கடிதம் எழுதினார், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றும் எழுதினார். நாட்காட்டிகளில் நாம் ஒட்டிவைத்திருக்கிற எரேமியா 29:11 ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்ற வசனம்) அதே கடிதத்தில்தான் இருக்கிறது, 70 வருடத்தைச் சொன்ன வசனத்துக்கு அடுத்ததாக. காணிக்கை கேட்டுக்கொண்டு மாதம் குறித்துத் தருகிறவரிடம் எழும்பி வந்துவிடுங்கள்.

உபவாசம் நல்லது. ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை விடக்கூடாது. சீனி இறங்கி மயங்கி விழுவார்கள். அப்படியானவர்கள் அதற்குப் பதிலாக மச்சத்தையோ (மீன், இறைச்சி) போனையோ விடுங்கள்.

காத்திருக்கிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் இருந்தது. வாய் திறந்த பிறகுதான் வினை. காணாமலாக்கப்பட்டவரின் தாயிடம் "கட்டாயம் வருவார்" என்றும் சொல்லாதீர்கள், "இனி மறவுங்கோ" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே உங்களுக்குத் தெரியாத காரியம். பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், பிறந்தநாளை நினைவில் வையுங்கள், பின்னேரம் ஒரு சட்டி கறி கொண்டுபோங்கள், பிள்ளையைப் பற்றி விசாரிக்க அலுவலகத்துக்குப் போகும் நாளில் கூடப் போங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், செத்தால் நல்லது என்ற பேச்சு வந்தால், ஜெபத்தோடு வைத்தியமும் வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சாவைப் பற்றிக் கதைக்கிறவரைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். போதகரையோ சுவாமியையோ பிறகு சந்திக்கலாம்.