எண்ணம் வந்ததும் ‘விழுந்துவிட்டேன்’ என்று தீர்ப்பு எழுதாதீர்கள்

முழங்காலிட்டு ஜெபிக்கும்போதே ஓர் அசுத்தமான நினைவு குறுக்கே பாய்கிறது. அல்லது, ‘நீ எதற்கும் லாயக்கில்லை, தேவனே உன்னைக் கைவிட்டுவிட்டார்’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கிறது. உடனே பலர், “இப்படி ஒரு நினைவு வருகிறதென்றால் நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?” என்று கலங்கிப்போகிறார்கள். முதல் தவறு இந்தக் கலக்கத்தில்தான் இருக்கிறது.

சோதனை வேறு, பாவம் வேறு. இயேசுவே “எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிறார்” என்கிறது எபிரெயர் 4:15. யாக்கோபு 1:14, 15 படிப்படியாகச் சொல்கிறது: இச்சை இழுக்கிறது, சிக்க வைக்கிறது, பிறகு கர்ப்பந்தரிக்கிறது, அதன்பின் பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுப்புக்கும் பிறப்புக்கும் நடுவே இடைவெளி உண்டு. நாம் போராட வேண்டிய களம் அந்த இடைவெளிதான். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவியும் இதையே சொன்னார்: தீய எண்ணங்கள் நம்மைத் தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாதபோது என்ன நடக்கிறது? எண்ணம் வந்ததற்கே குற்றவுணர்வு வருகிறது. குற்றவுணர்வு மனதைச் சோர்வாக்குகிறது. சோர்ந்த மனம், ‘எப்படியும் விழுந்தாயிற்று, இனி என்ன?’ என்று நிஜமாகவே விழுகிறது. இன்னொரு பக்கம், மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடும் வாதையும் தொடங்கும். பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த வாதையில் சிக்கித் தவித்தார். முழுமையாகப் பாவ அறிக்கை செய்த பிறகும், எதையோ விட்டுவிட்டோம் என்ற பயம் அவரை விடவில்லை. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுதலை கிடைத்தது. உங்களுக்கும் இப்படி இருந்தால் ஒரு பாவத்தை ஒருமுறை தெளிவாக அறிக்கையிடுங்கள். பயம் மறுபடி வந்தால் புதிதாக அறிக்கை வேண்டாம்; மன்னித்ததற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள்.

அடுத்தது, ஜெபம் முழுவதையும் அந்த எண்ணத்துக்கே கொடுத்துவிடுவது. “இந்த நினைவு வரக்கூடாது ஆண்டவரே” என்று அரைமணி நேரம் மன்றாடினால், அந்த அரைமணி நேரமும் மனம் அதே நினைவோடுதான் உட்கார்ந்திருக்கும். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, வேறொருவருடைய தேவைக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அல்லது ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். கவலைக்கும் இதே வழிதான். பிலிப்பியர் 4:6-இல் “ஒன்றுக்குங்கவலைப்படாமல்” என்பதோடு நிறுத்தி, அதையே அதட்டலாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வசனம் தொடர்ந்து வழியையும் காட்டுகிறது: விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தெரியப்படுத்த வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்று மொத்தமாகச் சொல்லாமல், வீட்டு வாடகை, மகனின் தேர்வு, அம்மாவின் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்.

வசனத்தைத் தாயத்துபோல் பயன்படுத்துவது பரவலான தவறு. எந்தச் சோதனைக்கும் ஒரே வசனத்தைப் பத்துமுறை சொல்வார்கள். பலனில்லை என்றதும் விசுவாசத்தையே சந்தேகிப்பார்கள். மத்தேயு 4-ஐக் கவனியுங்கள். இயேசு மூன்று சோதனைக்கும் மூன்று தனித்தனி பதில் தருகிறார்: உபாகமம் 8:3, 6:16, 6:13. அவை மூன்றும் இஸ்ரவேல் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதை நினைவூட்டும் பகுதியிலிருந்து வருகின்றன. பிசாசும் வசனம் சொல்கிறான். ஆனால் சங்கீதம் 91:11-இல் உள்ள “உன் வழிகளிலெல்லாம்” என்ற சொற்களை விட்டுவிட்டுச் சொல்கிறான். முன்னும் பின்னும் வாசிக்காமல் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்வதன் ஆபத்து அங்கே தெரிகிறது.

எவாக்ரியஸ் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிலாக வேத வசனங்களைத் தொகுத்து எட்டுப் பகுதிகளில் ஒரு நூலே எழுதினார். நமக்கு ஒரு தாள் போதும். நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், எண்ணத்தை அது வருகிற அதே வார்த்தையில் எழுதுங்கள். ‘இச்சை’ என்று எழுதினால் உதவாது. ‘இன்று ரொம்பக் களைப்பு, அஞ்சு நிமிஷம் பார்த்தால் என்ன’ என்று எழுதுங்கள். வலது பக்கம் அதற்கு நேரான வசனம், கீழே ஒரு வரி ஜெபம். மூன்று அல்லது நான்கு போதும். அமைதியான நேரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். சோதனை வந்த பிறகு வேதாகமத்தைப் புரட்ட நேரம் இருக்காது.

இச்சையின் முன்னால் நின்று வாதாடவும் கூடாது. “வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்” என்கிறது 1 கொரிந்தியர் 6:18. எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது, யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். இரவில் போன் சோதனை என்றால், அதைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பை மறந்துவிடுவதும் தவறுதான். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை வென்ற எலியா, சூரைச்செடியின் கீழ், “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றான். தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான். தேவன் அவனிடம் பேசியது அதற்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19). தூக்கம் கெட்டு, மனம் இருண்டுபோயிருக்கும் ஒருவரிடம் உடனே உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

தனியாகவே சமாளிக்க நினைக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே, “என்னோடேகூட விழித்திருங்கள்” என்று மூன்று பேரிடம் கேட்டார். ரகசியம் காக்கும், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த, முதிர்ந்த ஒரு விசுவாசியைத் தேர்ந்தெடுங்கள். சபை முழுவதற்கும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த பிறகு மட்டும் சொல்லாமல், இழுப்பு தொடங்கும்போதே, “இப்போது கஷ்டமாக இருக்கிறது, ஜெபியுங்கள்” என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

விழுந்தவர்கள் செய்யும் தவறு மிகவும் வருத்தமானது. ‘ஒரு வாரம் சுத்தமாக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன்’ என்று தேவனைவிட்டு விலகி நிற்பார்கள். பேதுரு கரிநெருப்பருகே நின்று இயேசுவை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அதேபோல் ஒரு கரிநெருப்பைப் போட்டு, மீனும் அப்பமும் வைத்து, “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்றார். “என்னை நேசிக்கிறாயா” என்று கேட்டது சாப்பிட்ட பிறகுதான். ஆகவே விழுந்த அன்றிரவே, இரண்டு வரியானாலும், ஜெபித்துவிட்டுப் படுங்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்கும் வழக்கம்போலப் போங்கள்.