சி டிரைவ் சிவந்ததும் செய்யக் கூடாதவை

‘திஸ் பிசி’யில் சி டிரைவின் பட்டை சிவப்பாகத் தெரிந்தால், காலி இடம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருள். உடனே பதறிப்போய், பெரியதாகத் தெரிவதையெல்லாம் அழிக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) என்ற சிஸ்டம் ஃபோல்டர் பல ஜிபி காட்டும். அதில் பல ஃபைல்கள் ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) என்பதால் ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. கையால் அழித்தால் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்: இந்த வழியில் போங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். எல்லாவற்றுக்கும் டிக் போட்டால், அங்கே சேமித்த ஆதார் பிடிஎஃப், மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

இதைவிடப் பெரிய தவறு, இடம் பண்ணுவதையும் பேக்கப் எடுப்பதையும் ஒரே வேலையாக நினைப்பது. போட்டோக்களை ‘கட்’ செய்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ‘பேஸ்ட்’ செய்தால் இடம் கிடைக்கும், பேக்கப் கிடைக்காது. முன்பும் ஒரு பிரதிதான், இப்போதும் ஒரு பிரதிதான். அதுவும் கீழே விழக்கூடிய ஒரு பெட்டியில்.

டி டிரைவில் போட்டு வைப்பதும் அப்படியே. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். சி, டி இரண்டும் ‘டிஸ்க் 0’ என்ற ஒரே வரிசையில் இருந்தால், டிஸ்க் பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் செய்வது சிங்க், அதாவது லேப்டாப்பையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைப்பது. லேப்டாப்பில் அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஒன்டிரைவில் இடம் மட்டும் வேண்டுமென்றால் டெலீட்டைத் தொடாமல், ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். ஃபைல் கிளவுடில் அப்படியே இருக்கும்.

பென்டிரைவில் இடம் இருந்தும் கல்யாண வீடியோ ஏறவில்லையா? அது ஃபேட்32 (FAT32) என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் காப்பி செய்த பிறகு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள்.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றுங்கள். அவ்வப்போது அதை வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.