பனியும் போகவில்லை, வெயிலும் பொறுக்கவில்லை: மாசி, பங்குனியில் வீட்டில் நடக்கும் தவறுகள்

மாசி பாதி கடந்தால் வீடு இரண்டு பருவத்துக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. மத்தியானம் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. விடியற்காலை நான்கு மணிக்குக் கை தானாகப் போர்வையைத் தேடும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பழைய பருவக் கணக்கிலும் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்தான். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் நடக்கும் தவறுகளில் பாதி, மார்கழிப் பழக்கத்தை விடாததால் வருகிறது. மீதி, பகல் வெயிலை மட்டும் பார்த்துச் சித்திரைக்குத் தாவிவிடுவதால்.

முதல் வகைக்கு இட்லி மாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. மார்கழியில் மாவு பொங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வெந்தயத்தைக் கூடப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் காத்திருப்போம். பங்குனியிலும் அதே கைப்பழக்கத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அரைத்து வெளியே வைத்தால், விடியும்போது மேடை முழுக்க மாவு வழிந்திருக்கும். பழி உளுந்தின் மேல் விழும், இல்லாவிட்டால் கிரைண்டர் மேல். இரண்டும் பாவம். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு இரவு வெப்பம் ஏற ஏற வேலை வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான். பங்குனியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பெரும்பாலும் போதும். அதனால் அரைப்பதை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள். அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் விடுங்கள், கிரைண்டர் சூடே மாவை முடுக்கிவிடும். வெந்தயத்தைக் குறையுங்கள். உப்பு புளிப்பின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பதால் அரைத்ததுமே கலந்துவிடலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மிச்சத்தைப் பொங்குவதற்கு முன்பே ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக் கடைசியில் புளித்த தோசை தின்ன வேண்டியிருக்காது. தயிருக்கும் இதே கதைதான்: பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், உறை மோர் ஒரு சின்னக் கரண்டி, தோய்ந்ததும் உள்ளே.

இரண்டாவது வகைக்கு வடகம். மாசி வெயிலைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். பகல் வெயில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் பனி இறங்குகிறது. அரைகுறையாகக் காய்ந்த வடகத்தை மாடியிலேயே விட்டால், பகலெல்லாம் இழந்த ஈரத்தைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்ளும். இரண்டு நாளில் லேசான புளிப்பு வாடை வரும், அப்புறம் பூஞ்சை. பங்குனி பாதிவரை பொறுங்கள். பொறுக்க முடியாதவர்கள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கீழே எடுத்து வந்துவிட வேண்டும். கூழில் உப்பு நாக்குக்குச் சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும். குறைவாகத் தோன்றும் அளவே சரி. பிளாஸ்டிக் தாளில் பிழிந்தால் உரிப்பது சுலபம், ஆனால் அடிப்பக்கம் காயாது, மத்தியானம் திருப்பிப் போட வேண்டும். பழைய வேட்டியில் அந்தத் தொல்லை குறைவு. பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுபடி காயவைக்கலாம். ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். அதற்குப் பிறகும் வெயில் சூட்டோடு டின்னில் அடைக்காதீர்கள், உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும்.

புதுப்புளி சந்தைக்கு வரும் காலமும் இதுவே. வருஷத்துக்கு மொத்தமாக வாங்கியதும் அப்படியே ஜாடியில் திணிப்பது பெரிய தவறு. கொட்டை, நார் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கல் உப்பு கலந்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைப்பதுதான் முறை. அலுமினியப் பாத்திரம் கூடாது, புளி அதை அரிக்கும்.

கம்பளி, போர்வையைப் பற்றி ஒரே வார்த்தை: அழுக்கோடும் ஈரத்தோடும் மூட்டை கட்டாதீர்கள், ஆளுக்கு ஒன்றையாவது பங்குனிவரை வெளியே வைத்திருங்கள்.

ஏசி விஷயத்தில் தவறு முதல் நாளே தொடங்குகிறது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததைத் தூசியோடு அப்படியே போட்டு, குளிரவில்லை என்று 18 டிகிரிக்கு இறக்குவார்கள். முன்மூடியைத் திறந்து வலையை எடுத்துத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினாலே பாதிக் குறை தீரும். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் நட்சத்திரக் குறியீடுள்ள வீட்டு ஏசிகள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் கணக்குச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரையிலான மலிவு விலை கைவிட்டுப் போகும். கடைசி யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் பணம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் இப்போதே அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர்தான். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுக்கும்.

மழை இல்லையே, கொசு எங்கிருந்து வரும் என்ற எண்ணமும் ஏமாற்றும். வெயிலுக்குப் பயந்து டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கத் தொடங்குவது இப்போதுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் போதாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

இந்த மாதங்களில் அம்மையும் வரும். உடல் சூட்டால் வருவதென்று நினைத்து இளநீரோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்தான தவறு. சின்னம்மை வைரஸால் வருவது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். வைரஸ் மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், ஆகவே உடனே காட்டிவிடுங்கள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் குறைய ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளை அந்த அறைக்குள் விட வேண்டாம். வாசலில் வேப்பிலை செருகுவது உங்கள் விருப்பம், வேப்பிலைக்கும் மருத்துவருக்கும் சண்டை ஒன்றும் இல்லை.

கடைசியாகப் பானை. அழகாக இருக்கிறதே என்று வர்ணம் பூசியதை வாங்கினால் தண்ணீர் குளிராது. நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் ஈரம்தான் பானையைக் குளிர்விக்கிறது, வர்ணம் அதை அடைத்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். புதுப்பானையில் ஒருநாள் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, ஈர மணல் பரப்பிய தட்டின்மேல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மதுரை, திருச்சிப் பக்கத்து வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். சென்னையில் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் அந்த அளவு எதிர்பார்க்க வேண்டாம். பானையில் ஓட்டை என்று கடைக்காரரிடம் சண்டைக்கும் போக வேண்டாம்.