எம்எஸ்சிடி001 கிடைக்கவில்லை: டாஸ் கணினியில் சிடி டிரைவர் பிழையைத் தேடிப் பிடிப்பது

டாஸ் (கட்டளை தட்டி இயக்கும் பழைய இயங்குதளம்) உள்ள பழைய 486 கணினியை ஆன் செய்தால் திரை நிறைய எழுத்து ஓடி, கடைசியில் இப்படி வந்து நிற்கும்: "டிவைஸ் டிரைவர் நாட் ஃபவுண்ட்: எம்எஸ்சிடி001". அதன் கீழே, "நோ வேலிட் சிடிராம் டிவைஸ் டிரைவர்ஸ் செலக்டட்". இதைப் பார்த்ததும் பலர் எம்எஸ்சிடிஈஎக்ஸ் கோப்பைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பாவம், அது புகார் சொல்ல வந்த ஆள். தப்பு நடந்தது அதற்கு முன்னாலேயே.

டாஸில் சிடி டிரைவுக்கு இரண்டு நிரல்கள் வேண்டும். முதலாவது, கணினி தொடங்கும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பு வழியாக ஏறும் டிரைவர். அது டிரைவோடு பேசி, தனக்கு ஒரு பெயரை (இங்கே எம்எஸ்சிடி001) வைத்துக்கொள்ளும். இரண்டாவது, அதற்கடுத்து ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பு வழியாக ஏறும் எம்எஸ்சிடிஈஎக்ஸ். அது அந்தப் பெயரைத் தேடி, டிரைவ் எழுத்து கொடுக்கும். (கீழே உள்ள வரிகளைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\சிடிராம்\ஓக்சிடிராம்.சிஸ் /டி:எம்எஸ்சிடி001
லாஸ்ட்டிரைவ்=இசட்

இது கான்ஃபிக்.சிஸ்; இதில் ஓக்சிடிராம்.சிஸ்தான் சிடி டிரைவர். ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் இருக்க வேண்டியது:

சி:\டாஸ்\எம்எஸ்சிடிஈஎக்ஸ்.எக்ஸ்இ /டி:எம்எஸ்சிடி001 /எல்:ஈ

இரண்டு இடத்திலும் /டி:க்குப் பின்னால் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சுழியத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிடுவது அடிக்கடி நடக்கும்; பழைய மானிட்டரில் கண்ணுக்குத் தெரியாது.

பெயர் சரியாக இருந்தால் அடுத்து எஃப்8. டாஸ் 6.0 முதல் இந்த வசதி உண்டு. "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்" என்ற வரி வந்ததும் எஃப்8 அழுத்துங்கள். இரண்டு விநாடிதான் அவகாசம். ஒவ்வொரு வரியாகக் காட்டி, ஏற்றட்டுமா வேண்டாமா என்று கேட்கும். டிரைவர் வரி வரும்போது 'ஒய்' அழுத்திவிட்டு, அது என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். சாதாரணமாக ஓடி மறையும் இந்த இடத்தில்தான் உண்மையான காரணம் இருக்கும்.

"பேட் ஆர் மிஸ்ஸிங்" என்று வந்தால் கோப்பு அந்தப் பாதையில் இல்லை அல்லது கெட்டிருக்கிறது. 'டிஐஆர்' போட்டுப் பாருங்கள். நிறுவல் ஃபிளாப்பியிலிருந்து எடுத்த கோப்பின் பெயர் அடிக்கோட்டில் முடிந்திருந்தால் அது சுருக்கப்பட்ட கோப்பு. பெயரை மட்டும் மாற்றினால் வேலை செய்யாது, எக்ஸ்பாண்ட் கட்டளையால் விரிக்க வேண்டும். டிரைவர் வரியே திரையில் வரவில்லையா? கான்ஃபிக்.சிஸ்ஸை இன்றைய கணினியில் திருத்திக் கொண்டுவந்தீர்களா என்று யோசியுங்கள். விண்டோஸ் மறைத்து வைக்கும் டிஎக்ஸ்டி ஒட்டு சேர்ந்து, டாஸில் அது கான்ஃபிக்~1.டிஎக்ஸ்டி என்று கிடக்கும். லினக்ஸில் சேமித்தால் வரி முடிவுக் குறி மாறிப்போய் டாஸுக்குப் புரியாது. இந்த வேலைக்கு டாஸின் எடிட்தான் நல்லது. 6.22 வரை அது ஓட கியூபேசிக்.எக்ஸ்இ கோப்பும் வேண்டும்; இடம் காலி செய்கிறேன் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

டிரைவர் ஏறி, டிரைவ் இல்லை என்று சொல்லிவிட்டு நினைவகத்திலிருந்து தானே விலகிக்கொண்டால், மூடியைக் கழற்ற வேண்டியதுதான். மின்சாரத்தை முழுதாகத் துண்டித்துவிட்டு கேபிளைப் பாருங்கள்: சிவப்புக் கோடுள்ள ஓரம் இரு முனையிலும் 1-ஆம் முள்ளோடு சேர வேண்டும். ஹார்டு டிஸ்கோடு ஒரே கேபிளில் இருந்தால் சிடி டிரைவின் ஜம்பர் (முள்ளின் மேல் செருகும் சிறு மூடி) ஸ்லேவ் இடத்திலும், தனிக் கேபிளில் இருந்தால் மாஸ்டர் இடத்திலும் இருக்கட்டும். கேபிள் செலக்ட் (மாஸ்டரா ஸ்லேவா என்பதைக் கேபிளே முடிவு செய்யும் இடம்) வேண்டாம். அந்தக் காலக் கேபிள்கள் பலவற்றில் அது வேலை செய்யாது. பழைய பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) சிடிக்கென்று தேர்வே இருக்காது, அந்த இடத்தில் "நாட் இன்ஸ்டால்டு" என்று விடுவதுதான் சரி.

சிடி கேபிள் சவுண்டு கார்டில் செருகியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பானசோனிக், மிட்சுமி இணைப்பிகளுக்கும் ஐடிஈ (ஹார்டு டிஸ்க் செருகும் வழக்கமான இணைப்பு) போலவே 40 முள். சோனிக்கு மட்டும் 34. முள் எண்ணிக்கை ஒன்று என்பதால் ஐடிஈ என்று நம்பி ஏமாறுவது சுலபம். பானசோனிக் வகை டிரைவுக்கு ஓக்சிடிராம் எத்தனை முறை ஏற்றினாலும் பதில் வராது. கிரியேட்டிவ் கார்டென்றால் எஸ்பிபிசிடி.சிஸ் வேண்டும். கார்டில் இருப்பது உண்மையான ஐடிஈ என்றால், முகவரி பெரும்பாலும் 1இ8, ஐஆர்கியூ (குறுக்கீட்டு எண்) 11. கிரியேட்டிவின் எஸ்பிஐடிஈ.சிஸ்ஸுக்கு இதை /பி:1இ8,11,3இஇ என்று சொல்லித்தர வேண்டும். பிளக் அண்ட் ப்ளே கார்டில் இன்னொரு சிக்கல்: கார்டை அமைக்கும் சிடிசிஎம்.எக்ஸ்இ நிரல் ஓடி எழுப்பும் வரை அந்த ஐடிஈ தூங்கிக்கொண்டிருக்கும். எனவே கான்ஃபிக்.சிஸ்ஸில் அதன் வரி சிடி டிரைவர் வரிக்கு மேலே இருக்க வேண்டும்.

டிரைவர் வரியில் கணினி உறைந்து நின்றால், டிவைஸ்ஹை (டிரைவரை மேல் நினைவகத்தில் ஏற்றும் கட்டளை) என்பதை டிவைஸ் என்று மாற்றிப் பாருங்கள். அப்போது ஏறினால், மேல் நினைவகத்தை நிர்வகிக்கும் ஈஎம்எம்386 தவறான மேல் நினைவகப் பகுதியைப் பிடித்திருக்க வாய்ப்புண்டு. கார்டின் ராம் அந்த இடத்தில் இருந்தால் ஈஎம்எம்386 வரியில் எக்ஸ்=சி800-சிஎஃப்எஃப்எஃப் போல விலக்கிவிடலாம். ஈஎம்எம்386-க்கு மேலே ஹைமெம் வரி கட்டாயம்.

"நாட் எனஃப் டிரைவ் லெட்டர்ஸ்" என்று வந்தால் லாஸ்ட்டிரைவ் வரி விடுபட்டிருக்கிறது. "இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்" என்றால் எம்எஸ்சிடிஈஎக்ஸ் வேறு பதிப்பு. உங்கள் டாஸோடு வந்ததையே போடுங்கள்.

எல்லாம் சரியானதும் "டிரைவ் ஈ: = டிரைவர் எம்எஸ்சிடி001 யூனிட் 0" என்ற வரி தெரியும். ஸ்மார்ட்டிரைவ் (படித்த தரவை நினைவகத்தில் கேஷாக வைக்கும் நிரல்) வைத்திருந்தால் அதை எம்எஸ்சிடிஈஎக்ஸ் வரிக்குக் கீழே நகர்த்துங்கள். மேலே இருந்தால் சிடிக்கு கேஷ் கிடைக்காது.