குளூக்காலிலிருந்து ஒரு கைரல் பைரான்: செய்வதும், செய்ததை நிரூபிப்பதும்

கைரல் பைரான், அதாவது தன் கண்ணாடி பிம்பத்தோடு பொருந்தாத, ஐந்து கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த ஆறு அணு வளையம் கொண்ட சேர்மம், செய்ய வேண்டும் என்றதும் பலர் நேராக விலை அதிகமான கைரல் வினையூக்கிகளைத் தேடிப் போகிறார்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது சர்க்கரையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். குளூக்கோஸிலிருந்து செய்யப்படும் டிரை-ஓ-அசிட்டைல்-டி-குளூக்கால் (இனி சுருக்கமாகக் குளூக்கால்) கடையில் கிடைக்கிறது, அதில் பைரான் வளையம் ஏற்கெனவே இருக்கிறது, கைரல் மையங்களும் இருக்கின்றன. அதை எத்தனாலோடு சேர்த்து ஃபெரியர் வினைக்கு உட்படுத்தினால் ஒரே படியில் 3,6-டைஹைட்ரோ-2எச்-பைரான் ஒன்று கையில் வந்துவிடும். பிளாஸ்கில் பொருள் வருவது இதில் சுலபமான பாதி. வந்தது எந்த ஐசோமர், எவ்வளவு சுத்தம் என்று காட்டுவதுதான் உண்மையான வேலை, அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். குளூக்காலில் சி-1க்கும் சி-2க்கும் (சர்க்கரையின் முதல், இரண்டாம் கார்பன்கள்) இடையே இரட்டைப் பிணைப்பு, சி-3இல் ஒரு அசிட்டேட். லூயி அமிலம், அதாவது எலக்ட்ரான் ஜோடியை ஏற்கும் வினையூக்கி (இங்கே போரான் டிரைபுளோரைடு), அந்த சி-3 அசிட்டேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக, நேர்மின்சுமை சி-1 வரை பரவிய ஒரு அயனி உருவாகிறது. எத்தனால் சி-1இல் வந்து ஒட்டுகிறது, இரட்டைப் பிணைப்பு சி-2, சி-3க்கு இடையே நகர்ந்துவிடுகிறது. 1914இல் எமில் ஃபிஷர் தண்ணீரோடு சூடாக்கும்போதே இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டார். ஆல்கஹால்களோடு இதை ஒழுங்கான முறையாக்கி 1960களில் வெளியிட்டவர் ராபர்ட் ஃபெரியர், பெயரும் அவருக்கே நின்றுவிட்டது. கைரல் கணக்கு இதுதான்: சி-3இன் கைரல் தன்மை போய்விடுகிறது, சி-4உம் சி-5உம் சர்க்கரையில் இருந்தபடியே இருக்கின்றன, சி-1இல் ஒரு புதிய மையம் பிறக்கிறது. அதாவது நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான், சி-1இல் எத்தாக்சி (எத்தனாலிலிருந்து வந்த பகுதி) ஆல்ஃபாவா பீட்டாவா, அதாவது வளையத்தின் கீழ்ப்பக்கமா மேல்பக்கமா. பெரும்பாலும் ஆல்ஃபாதான் வரும், ஆனால் முழுக்க ஆல்ஃபா மட்டும் வராது.

சரி, அளவுகள். குளூக்கால் 2.72 கிராம், அதாவது 10 மில்லிமோல். எத்தனால் 0.70 மி.லி., 12 மில்லிமோல். உலர்ந்த டைகுளோரோமீத்தேன் 30 மி.லி. போரான் டிரைபுளோரைடு ஈத்தரேட் 0.25 மி.லி., அதாவது 20 மோல் சதவீதம். பாட்டிலில் இருக்கும் ஈத்தரேட் கரும்பழுப்பாகிவிட்டிருந்தால் அப்படியே எடுத்துப் போடாதீர்கள், வடித்தெடுத்துப் பயன்படுத்துங்கள் அல்லது புது பாட்டில் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வினை கெட்டுப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். எத்தனாலுக்குப் பதில் தண்ணீர் சி-1இல் ஏறினால் வரும் ஹெமிஅசிட்டால் வளையத்தைத் திறந்துகொண்டு ஆல்டிஹைடாகப் போய்விடும், என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சைகையைக் காட்டும் நிறமாலை) 9.5 பிபிஎம் பக்கத்தில் ஒரு டப்லெட் (இரண்டாகப் பிரிந்த சைகை; சிங்லெட், டிரிப்லெட், குவார்டெட் என்றால் ஒன்று, மூன்று, நான்கு கோடுகள்) தெரிந்தால் அதுதான் இது. எனவே 95 சதவீத எத்தனால் வேண்டாம், அப்சொலூட் எத்தனால் எடுத்து 4 ஆங்ஸ்ட்ராம் சல்லடைமணிகளின் மேல் வைத்திருந்து பயன்படுத்துங்கள். பிளாஸ்கை உலர்த்தும் அடுப்பில் காயவைத்து நைட்ரஜன் பலூனின் கீழ் ஆறவிடுங்கள். இன்னொரு விஷயம், பின்னால் எத்தனாலுக்குப் பதில் பென்சைல் ஆல்கஹால் போன்ற வேறு ஆல்கஹாலைப் போட நினைத்தால் கரைப்பான் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். கடையில் வரும் குளோரோஃபார்மில் நிலைப்படுத்தியாக எத்தனால் கலந்திருப்பது வழக்கம், அது உங்கள் ஆல்கஹாலோடு போட்டி போட்டு எத்தில் கிளைக்கோசைடைத்தான் கொடுக்கும்.

குளூக்காலையும் எத்தனாலையும் டைகுளோரோமீத்தேனில் கரைத்து ஐஸ் பாத்தில் 0 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஈத்தரேட்டை சிரிஞ்ச் வழியாகத் துளித்துளியாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஐஸை எடுத்துவிட்டு அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். ஈத்தரேட் ஈரக்காற்றில் புகையும், அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும், ஆகவே எல்லாமே ஃபியூம் ஹுட்டுக்குள், கண்ணாடி போட்டுக்கொண்டு. நைட்ரைல் கையுறையை நம்பி டைகுளோரோமீத்தேனைக் கையில் ஊற்றிக்கொள்ளாதீர்கள், அது சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், கையுறையில் பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள்.

வினை முடிந்ததா என்று டிஎல்சியில் (மெல்லடுக்கு வண்ணப்பிரிகையில்) பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் 7:3இல் ஓடவிட்டால் குளூக்காலும் விளைபொருளும் அருகருகே நிற்கும், அதிலும் இரண்டும் யூவி விளக்கின் கீழ் சரியாகத் தெரியாது. அனிசால்டிஹைடு கரைசலில் முக்கிச் சூடாக்குங்கள், இல்லையென்றால் மெத்தனாலில் கலந்த நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்தில். கண்டிப்பாக மூன்று ஸ்பாட் வையுங்கள்: குளூக்கால், வினைக்கலவை, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் இருப்பது இரண்டாகப் பிரிந்து தெரிந்தால்தான் மற்ற இரண்டும் வேறு வேறு என்று சொல்ல முடியும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகும் இரவு முழுக்க விட்டுவைத்தால் கலவை கருத்துப்போகும், அடியில் நகராத ஸ்பாட்கள் வரும், விளைச்சலும் குறையும்.

முடிந்ததும் நிறைவுற்ற சோடியம் பைகார்பனேட் கரைசலை மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள், வாயு வரும், பிரிபுனலை மூடிக் குலுக்கும் முன் நன்றாக அடங்கவிடுங்கள். டைகுளோரோமீத்தேன் அடுக்கைப் பிரித்து உப்புக்கரைசலில் ஒருமுறை கழுவி, சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, வடிகட்டி ரோட்டாவாப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவியில்) ஏற்றுங்கள்.

இப்போது நில்லுங்கள். காலம் (பொருளைப் பிரித்துச் சுத்தம் செய்யும் சிலிக்கா குழாய்) போடும் அவசரத்தில் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த க்ரூடிலிருந்து (இன்னும் சுத்தம் செய்யாத பொருளிலிருந்து) கொஞ்சம் எடுத்து என்எம்ஆர் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆல்ஃபா-பீட்டா விகிதம் என்று நீங்கள் எழுதப்போவது இந்த க்ரூடின் விகிதமாக இருக்க வேண்டும். காலத்திலும் படிகமாக்கலிலும் பீட்டா கழிந்துகொண்டே போகும், சுத்தம் செய்த பொருளில் எடுத்த விகிதத்தை வினையின் தேர்வுத்திறன் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. இந்த வினையில் 7:1இலிருந்து 10:1 வரை ஆல்ஃபா அதிகமாக வருவது வழக்கம்.

அப்புறம் சிலிக்கா காலம், ஹெக்சேனில் தொடங்கி எத்தில் அசிட்டேட்டை 20 சதவீதம் வரை ஏற்றினால் போதும். முழு விளைச்சல் என்றால் 2.58 கிராம், அதில் 80 சதவீதத்துக்கு மேல் எடுப்பது கடினமில்லை. எடுத்ததை எத்தனாலில் படிகமாக்கினால் வெள்ளைப் படிகம் வரும், தூய ஆல்ஃபா 78, 79 டிகிரியில் உருகும். உருகுநிலை ஐந்தாறு டிகிரி அகலமாகப் பரவினால் பீட்டாவோ கரைப்பானோ உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

என்எம்ஆரை டியூட்டீரோகுளோரோஃபார்மில் எடுக்கிறோம். பழைய பாட்டிலில் அமிலம் சேர்ந்திருக்கும், நம்முடையதோ அல்லைலிக் அசிட்டால், அமிலத்துக்கு அசையக்கூடியது. கரைப்பானை ஒரு சிட்டிகை பொட்டாசியம் கார்பனேட் வழியே வடித்து எடுத்துக்கொண்டால் கவலையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது எது இல்லை என்பதை. குளூக்காலின் எச்-1 (சி-1இல் உள்ள ஹைட்ரஜன்) 6.46 பிபிஎம்மில் தனியாக நிற்கும், அது போயிருக்க வேண்டும். அசிட்டேட் சிங்லெட்கள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்க வேண்டும், 2.10க்கும் 2.08க்கும் பக்கத்தில். புதிதாக வந்தவை: 5.8, 5.9 பகுதியில் இரட்டைப் பிணைப்பின் எச்-2, எச்-3, இரண்டுக்கும் நடுவே 10 ஹெர்ட்ஸ் கப்ளிங் (ஒரு ஹைட்ரஜன் மற்றதன் சைகையைப் பிரிக்கும் அளவு). 5.3இல் எச்-4. 5.04இல் அகன்ற சிங்லெட் போலத் தெரிவது எச்-1. 4.1இலிருந்து 4.3 வரை எச்-5உம் இரண்டு எச்-6உம். கார்பன் நிறமாலையில் சி-1 94 பிபிஎம் அருகே, இரட்டைப் பிணைப்புக் கார்பன்கள் 128, 129இல், கார்போனைல்கள் 170இல்.

இந்த நிறமாலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் எத்தாக்சியின் சிஎச்2. சாதாரண எத்தனாலில் அது ஒரே குவார்டெட். இங்கே ஒரு ஹைட்ரஜன் 3.83இலும் மற்றது 3.57இலும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் டப்லெட் ஆஃப் குவார்டெட்டாகப் பிரிந்து நிற்கும். ஒரே கார்பனில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள், பிணைப்பைச் சுற்றி எவ்வளவு சுழன்றாலும் பக்கத்தில் ஒரு கைரல் மையம் இருப்பதால் அவை சமமாவதே இல்லை. எத்தனால் உண்மையிலேயே மூலக்கூறில் ஒட்டிவிட்டது, வெறுமனே கரைப்பானாக மிச்சமில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

எத்தில் அசிட்டேட் மிச்சம் இருந்தால் இந்தச் சேர்மத்தில் மிகவும் ஏமாற்றும். அதன் குவார்டெட் 4.12இல், நம் எச்-5இன் மேலேயே விழும். சிங்லெட் 2.05இல், நம் அசிட்டேட்களை ஒட்டி. டிரிப்லெட் 1.26இல், நம் எத்தில் டிரிப்லெட்டின் மேல். மூன்றும் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். 1.25 டிரிப்லெட்டின் இன்டக்ரேஷன் (சைகையின் பரப்பு) 3க்குப் பதில் 3.4 என்று வந்தால் டைகுளோரோமீத்தேன் விட்டு இரண்டு, மூன்று முறை ரோட்டாவாப்பில் இழுத்து, வேக்குவம் பம்ப்பில் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

இனி ஆல்ஃபாதான் என்று எப்படிச் சொல்வது? எச்-1இன் கப்ளிங்கை வைத்துச் சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பது இரட்டைப் பிணைப்புக் கார்பன், சாதாரண குளூக்கோசைடுகளில் பார்க்கும் 3 ஹெர்ட்ஸ், 8 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இங்கே கிடைக்காது. இரண்டு வழிகளை நம்பலாம். ஒன்று நோசி, அதாவது இடத்தில் நெருங்கியிருக்கும் ஹைட்ரஜன்களைக் காட்டும் என்எம்ஆர் சோதனை: பீட்டாவில் எச்-1உம் எச்-5உம் வளையத்தின் ஒரே பக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் இடையே கிராஸ் பீக் வரும், ஆல்ஃபாவில் வராது. வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பது பலவீனமான வாதம், முடிந்தால் பீட்டா அதிகமுள்ள காலம் ஃபிராக்ஷன் ஒன்றையும் எடுத்து அதில் கிராஸ் பீக் வருவதைப் பக்கத்தில் காட்டுங்கள். மற்றது கார்பன் நிறமாலை: ஆல்ஃபாவில் சி-5 67 பிபிஎம் அருகே நிற்கும், பீட்டாவில் 70ஐத் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் பெயரைத் தைரியமாக எழுதலாம், பைரான் எண்ணிடலில் 2ஆர், 3எஸ், 6எஸ் (சர்க்கரை எண்ணிடலின் சி-5, சி-4, சி-1). சி-4, சி-5 இரண்டும் சர்க்கரையிலிருந்தே தெரிந்தவை என்பதால் எக்ஸ்-கதிர் எடுத்தாலும் புதிய மையத்தை அவற்றோடு ஒப்பிட்டே முடித்துவிடலாம், முழுமையான அமைப்பைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

ஒளிச்சுழற்சியை, அதாவது பொருள் முனைவுற்ற ஒளியைத் திருப்பும் கோணத்தை, எடுக்காமல் விடாதீர்கள். 100 மில்லிகிராமைத் துல்லியமாக நிறுத்து 10 மி.லி. வால்யூமெட்ரிக் பிளாஸ்கில் குளோரோஃபார்மில் கரைத்து, 1 டெசிமீட்டர் குழாயில் 589 நானோமீட்டரில் பாருங்கள். கிடைத்த டிகிரியை நூறால் பெருக்கி, குழாய் நீளத்தாலும் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் என்ற செறிவாலும் வகுத்தால் சுழற்சி எண். குளூக்கால் சிறிதளவு இடம்சுழற்றும், இந்த விளைபொருள் நூறு டிகிரியை ஒட்டி வலம்சுழற்றும், ஆகவே குறியே மாறிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். வெற்றுக் கரைப்பானை முதலில் வைத்து பூஜ்யம் சரிபாருங்கள், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பாருங்கள், எண்ணை எழுதும்போது கரைப்பான், செறிவு, வெப்பநிலை மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள், அவை இல்லாத எண்ணை யாராலும் ஒப்பிட முடியாது.

அகச்சிவப்பில் 1740 அருகே எஸ்டர் கார்போனைல் வரும், அவ்வளவுதான் அதில். ஹை ரெசல்யூஷன் மாஸ் (நிறை) நிறமாலையில் சோடியம் சேர்ந்த அயனி 281.0996இல் வர வேண்டும்.

இந்தச் சேர்மத்துக்குக் கைரல் எச்பிஎல்சி (கண்ணாடி பிம்ப மூலக்கூறுகளைப் பிரிக்கும் வண்ணப்பிரிகை) எடுத்தாயா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டி-குளூக்கோஸிலிருந்து வந்த பொருளில் எனான்டியோமர் (கண்ணாடி பிம்ப) கலப்புக்கு வழியில்லை, இங்கே கேள்வி டயாஸ்டீரியோமர் விகிதம், அதாவது ஆல்ஃபா-பீட்டா விகிதம். டேனிஷெஃப்ஸ்கி டையீனையும் பென்சால்டிஹைடையும் சேர்த்து டைஹைட்ரோபைரனோன் செய்வது போல, கைரல் இல்லாத பொருட்களிலிருந்து கைரல் வினையூக்கியை வைத்துச் செய்தால்தான் எச்பிஎல்சி கட்டாயம், அப்போது கைரல் இல்லாத லூயி அமிலத்தில் ரேசமேட்டை (இரண்டு கண்ணாடி பிம்பங்களும் சம அளவில் உள்ள கலவையை) முதலில் செய்து இரண்டு பீக்கும் பிரிகின்றன என்று காட்ட வேண்டும்.

ஈத்தரேட்டைக் கையாளப் பிடிக்கவில்லை என்றால் இண்டியம் டிரைகுளோரைடு நல்ல மாற்று, சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து 2000இல் வந்த முறை அது, திடப்பொருள், நிறுத்துப் போடுவது எளிது.

இது கைவந்த பிறகு அதே செய்முறையில் டிரை-ஓ-அசிட்டைல்-டி-கேலக்டாலைப் போட்டுப் பாருங்கள். வினை மந்தமாகப் போகும், விளைச்சலும் பொதுவாகக் குறையும், ஏனென்றால் சி-4 அசிட்டேட் இப்போது வெளியேறும் தொகுதி இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது, பின்னாலிருந்து தள்ளிவிட முடியாது. இரண்டு நிறமாலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எச்-4ஐ மட்டும் பெரிதாக்குங்கள். குளூக்காலிலிருந்து வந்ததில் எச்-4க்கும் எச்-5க்கும் இடையே 9.6 ஹெர்ட்ஸ், இரண்டும் எதிரெதிரே அச்சு நிலையில் இருப்பதால். கேலக்டாலிலிருந்து வந்ததில் அது 2.5 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும், கூடவே எச்-3, எச்-4 கப்ளிங் 5 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறியிருக்கும்.