ஏரி நிரம்பியும் ஆட்டுக்குத் தண்ணீர் இல்லை: வேலூர்ப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கோடி வழியே வழிந்தால் ஊரே திரண்டு வந்து பூசை போடும், கிடா வெட்டும். அதே ஊரில் சித்திரை மாதம் மிச்சமிருக்கும் ஆடுகள் குடிக்கத் தண்ணீர் இருக்காது. இத்தனைக்கும் இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்து மானாவாரி ஊர்களில் ஆடு மாடுதான் கையிருப்பு. தண்ணீர் தீர்ந்தால் அவை செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போகும், கேட்ட விலைக்குப் போகும்.

முதல் தவறு, கணக்குப் போடாமல் இருப்பது. ஒரு ஊரில் 50 மாடு, 400 ஆடு என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர், ஆட்டுக்கு 5 லிட்டர். மொத்தம் 4,500 லிட்டர். வெயில் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், ஒரே ஒரு ஏக்கர் பரப்பிலிருந்து மட்டும் 24,000 லிட்டர் போகிறது. ஊர்க் கால்நடை அத்தனையும் குடிப்பதைப் போல ஐந்து மடங்கு! முழங்கால் அளவு தண்ணீர் பத்து ஏக்கரில் பரந்து கிடப்பது பார்க்கத்தான் அழகு. வைகாசிக்கு அது நிற்காது.

ஆகவே ஏரிக்குள்ளேயே, தண்ணீர் கடைசியாக ஒதுங்கும் இடத்தில், சிறிய பரப்பில் ஆழமான ஒரு குட்டை வேண்டும். மேலே சொன்ன ஊருக்கு 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் போதும். பக்கங்களைச் சரிவாக வெட்டினாலும் சுமார் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும். நூறு நாள் குடிக்க நாலரை லட்சம், ஆவியாகப் போவது மூன்றரை லட்சம் போக, மண் உறிஞ்சவும் கொஞ்சம் மிஞ்சும்.

சரி, ஆழம் நல்லது என்றதும் ஏரி முழுவதையும் தோண்டிவிடலாமா? இதுதான் இப்போது அதிகம் நடக்கும் தவறு. தூர் வாருவது என்பது மேலே படிந்த வண்டலை எடுப்பது. வண்டல் வயலுக்கு உரம், எடுப்பதில் தப்பில்லை. ஆனால் லாரிக்காரர்களுக்கு வேண்டியது வண்டல் இல்லை, அதற்கும் கீழே இருக்கும் மொரம்பு என்ற சரளை மண். ஏரித் தரையில் பல காலமாகப் படிந்த களிமண்தான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை உடைத்து மொரம்பு வரை இறங்கினால், குட்டையே ஆனாலும், தண்ணீர் வேகமாக உள்ளே போய்விடும். கிணறு ஊறும் என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு நல்லது, ஆட்டுக்கு மோட்டார் கிடையாதே! அப்புறம், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. கரையை ஒட்டித் தோண்டுவது இன்னும் ஆபத்து, கரை சரியும்.

கோடியின் மேல் மணல் மூட்டை அடுக்கி உயரத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். ஓர் அடி தண்ணீர் கூடும் என்ற ஆசையில் கரை உடைந்தால் எல்லாமே போகும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஏரிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலை ஐப்பசி பிறந்த பிறகு சுத்தம் செய்கிறார்கள். மழை என்றாலே வடகிழக்குப் பருவமழைதான் என்ற நினைப்பு. நம் பக்கத்தில் ஏறக்குறைய பாதி மழை தென்மேற்குப் பருவத்திலேயே, முக்கியமாக ஆவணி, புரட்டாசியில் பெய்துவிடும். வேலையை ஆனிக்குள் முடித்தாக வேண்டும்.

மாட்டை நேரே தண்ணீருக்குள் இறக்கிவிடுவதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. சாணமும் மூத்திரமும் கலப்பது ஒரு பக்கம். அதைவிட மோசம் ஆடு மாடுகளின் உடலுக்குள் வளரும் தட்டைப்புழு. அதன் முட்டை சாணத்தோடு தண்ணீரில் விழும், குஞ்சுகள் நத்தைக்குள் வளர்ந்து, பிறகு புல்லில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் பச்சையாக முளைக்கிறதே, அந்தப் புல்லில்தான். கோடையில் வேறெங்கும் பச்சை இல்லாததால் ஆடு நேரே அங்குதான் போகும். கொஞ்ச நாளில் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். குட்டையைச் சுற்றி முள்வேலி போட்டு, கொஞ்சம் தள்ளித் தொட்டி கட்டி, அதில் தண்ணீர் இறைத்துக் காட்டுவதே சரி.

ஏரிக்குள் முளைத்த சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடுதான் எடுக்க வேண்டும். அதன் காயைத் தின்ற ஆடு, விதையைப் புழுக்கையோடு ஏரிக்குள்ளேயே போடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் தெளிந்த தண்ணீர் என்று நம்பிவிடக் கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் போவதில்லை. உப்பளவு காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 5,000 மில்லிகிராமைத் தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் வேண்டாம்.

கடைசியாக மீன் ஏலம். ஏலம் எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால்தான் மீன் பிடிக்க வசதி. ராத்திரியில் மதகு திறந்துகொள்வது இதனால்தான். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, இந்த மட்டத்துக்குக் கீழே மதகைத் திறக்கக் கூடாது, குட்டைத் தண்ணீரை இறைக்கக் கூடாது என்று ஏலம் விடும் முன்பே எழுதி வாங்குங்கள். பணம் கட்டிய பிறகு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.